சராசரிக்குள் மறைந்துபோன பெரிய உடம்புக்காரர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் கால்பந்து என்றால் நாம் ஆடுகிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். பந்தை எறிபவரைக் காப்பதற்கென்றே முன்வரிசையில் சிலர் நிற்பார்கள். அந்தச் சுவரை உடைப்பதற்கென்றே எதிரணியில் சிலர். இந்த இரு தரப்புக்கும் லைன்மேன் என்று பெயர். இந்தப் பதிவு அவர்களைப் பற்றித்தான்.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு கணக்கு எடுத்தது. 300 பவுண்டு, அதாவது 136 கிலோ எடையைத் தொட்ட ஆட்டக்காரர் 1970இல் ஒரே ஒருவர். 1980இல் மூன்று பேர். 1990இல் 94 பேர். 2010இல் பயிற்சி முகாம்கள் தொடங்கியபோது 532 பேர்! நாற்பது வருஷத்தில் மனித உடம்பு தானாக இப்படி மாறாது. ஆட்டம் மாற்றியது. 1978இல் ஒரு விதி திருத்தம் வந்தது. தடுப்பவர் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்து எதிராளியைத் தள்ளலாம் என்றார்கள். அதன் பிறகு வேகத்தைவிட எடைக்கு மதிப்பு கூடியது. 1985இல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு வில்லியம் பெர்ரி வந்தார். எடை 150 கிலோவை ஒட்டி இருக்கும். செல்லப் பெயரே 'ரெஃப்ரிஜிரேட்டர்'! 1986 ஜனவரி இறுதிப் போட்டியில் அவர் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டியதை நாடே கொண்டாடியது. அன்று அவர் ஓர் அதிசயம். பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்த எடை சாதாரணமாகிவிட்டது.

ஆட்டக்காரர்கள் 55 வயதைத் தாண்டுவதில்லை என்று அந்த நாட்களில் ஒரு பேச்சு இருந்தது. அவர்களுடைய சங்கமே கேட்டுக்கொண்டதால், தொழிலாளர் நலம் பற்றி ஆராயும் அரசு நிறுவனம் ஒன்று 6,848 பேருடைய விவரங்களைப் புரட்டிப் பார்த்தது. 1994இல் முடிவு வந்தது. மற்ற ஆண்களைவிட இவர்கள் குறைவாகவே இறக்கிறார்கள் என்று தெரிந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. லைன்மேன்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், இதய நோயால் இறக்கும் அபாயம் மற்ற ஆண்களைவிட 52 சதவீதம் அதிகம். வகுப்புச் சராசரி 60 என்று எழுதினால் கடைசி பெஞ்சில் 20 வாங்கிய பையன் கண்ணில் படமாட்டான் அல்லவா, அதே கதைதான்.

2001 ஆகஸ்ட் 1. மினசோட்டா வைகிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் இறந்தார். வயது 27, எடை சுமார் 152 கிலோ. முந்தைய நாள் கடும் வெயிலில் பயிற்சி. வாந்தி எடுத்தும் தொடர்ந்து ஆடினார். மருத்துவமனையில் பார்த்தபோது உடல் சூடு 108 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் மேல். கல்யாண வீட்டு அண்டாவில் வடித்த சோறு ஆற எவ்வளவு நேரம் ஆகும், வீட்டுப் பானைச் சோறு எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய உடம்பும் அப்படித்தான். உள்ளே சூடு அதிகம் பிறக்கும். அதை வெளியேற்றும் தோலின் பரப்போ அந்த அளவுக்கு இருக்காது. கொழுப்பு வேறு போர்வை போலப் போர்த்தியிருக்கும்.

ரெகி ஒயிட் என்ற பெயர்பெற்ற லைன்மேன் 43 வயதில் இறந்தார். தேதி 2004 டிசம்பர் 26. அன்று நம் கடற்கரை இருந்த நிலையில் அந்தச் செய்தி நம் காதில் விழ வழியே இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறானதே காரணம் என்றார்கள். சார்காய்டோசிஸ் என்ற நோய் அவருக்கு இருந்தது. அதோடு தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறும் இருந்தது. கழுத்தும் தொண்டையும் பருத்தவர்களுக்கு இந்தக் கோளாறு எளிதில் வரும். குறட்டைதானே என்று விட்டுவிடுகிறோம். இரவெல்லாம் பிராணவாயு குறைந்து குறைந்து இதயம்தான் அடி வாங்குகிறது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தாமஸ் ஹெரியன், சான் பிரான்சிஸ்கோ அணி. டென்வரில் ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்தவர் அங்கேயே சரிந்தார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு. வயது 23. எனக்கு இதுதான் மனசு ஆறவில்லை. இருபத்து மூன்று என்பது ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு மனுப் போடுகிற வயசு.

"அது கொழுப்பு இல்லை, தசை" என்று ஆட்டக் குழுமத்தார் வாதாடினார்கள். ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் 2012இல் அதே அரசு நிறுவனத்தின் அடுத்த ஆய்வு வந்தது. ஆடிய காலத்தில் உடல் நிறை குறியீடு 30ஐத் தாண்டியிருந்தவர்களுக்கு, இதய நோயால் இறக்கும் அபாயம் மற்ற ஆட்டக்காரர்களைப் போல இரண்டு மடங்கு. இந்த முறையும் மொத்தக் கணக்கு நல்லபடியாகவே இருந்தது!

தப்பித்தவர்களும் உண்டு. ஆலன் ஃபனேகா ஓய்வுக்குப் பிறகு சுமார் 45 கிலோ குறைத்து, 2014இல் நியூ ஆர்லியன்ஸ் மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார்.

இன்னொன்று சொல்லி நிறுத்துகிறேன். அந்த இரண்டு ஆய்வுகளும் எடுத்துக்கொண்டது 1959 முதல் 1988 வரை ஆடியவர்களை. 300 பவுண்டுக்காரர்கள் அபூர்வமாக இருந்த காலம் அது. 2010இல் எண்ணிய அந்த 532 பேரில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை.