100 டொலர்க் கணினி: ஒரு வரலாற்றுப் பாடம்

2005 ஆம் ஆண்டு டாவோஸ் நகரிற் கூடிய உலகப் பொருளாதார மன்றத்தில், வறிய நாட்டுச் சிறாருக்கு 100 டொலர் விலையில் மடிக்கணினி வழங்கும் திட்டத்தை நிக்கலஸ் நெக்ரொபொன்ரே அறிவித்தார். யாவரும் திருத்தியமைக்கத்தக்க லினக்ஸ் மென்பொருளில் அது இயங்கிற்று. 2007 இல் பேரளவு உற்பத்தி தொடங்கியபோது விலை ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. எனினும் உருகுவே, 2009 அளவில் தன் அரசாங்க ஆரம்பப் பள்ளி மாணவர் அனைவர்க்கும் அதனை வழங்கி முடித்தது. பெரு 8 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை வாங்கிற்று.

ஆயினும், பெருவின் 319 கிராமியப் பள்ளிகளை ஆராய்ந்து 2012 இல் வெளியான அறிக்கையின்படி, கணினி பெற்ற மாணவர் கணிதத்திலோ மொழியிலோ மற்றையோரை விஞ்சவில்லை. அப்பள்ளிகளில் இணைய வசதி மிக அரிது. ஆசிரியர் பெற்ற பயிற்சியும் சொற்பமே. கருவியின் விலையைக் கணித்தோர் கற்பித்தலின் விலையைக் கணிக்கத் தவறினர் எனலாம்.