ஒரு மண்டலமும் ஒரு துணையும்

திருச்சியிலிருந்து முசிறி போகும் சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது குணசீலம். மனம் பேதலித்தவர்களை அங்குள்ள பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலுக்கு அழைத்து வந்து 48 நாள், அதாவது ஒரு மண்டலம், தங்கவைப்பது நெடுங்கால வழக்கம். குளித்துவிட்டுச் சந்நிதிக்கு வர வேண்டும். உச்சிகால பூஜையின்போதும் இரவிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். கெடு முடிந்தால் ஊருக்குக் கிளம்பலாம்.

குணசீலம் தனித்த ஊர் அல்ல. சோளிங்கரில் தக்கான் குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஆஞ்சநேயர் மலை ஏறுவார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவில், கனவில் உத்தரவு வரும்வரை காத்திருப்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலிலும் இதே போலத் தங்கி வேண்டிக்கொள்வது உண்டு. சாமி வேறு, சடங்கு வேறு. ஆனால் நோயாளியோடு அம்மாவோ, மனைவியோ, அண்ணனோ ஒருவர் மூட்டை முடிச்சுடன் வந்து, சத்திரத்திலோ மரத்தடியிலோ கூடவே கிடப்பது எல்லா இடத்திலும் பழகிய காட்சி.

ஆங்கிலேயர் கொண்டுவந்த ஏற்பாட்டில் இந்தத் துணைக்கு இடமில்லை. சென்னையில் 1794-இல் வாலண்டைன் கொனலி என்ற கும்பினி மருத்துவர் பைத்தியக்கார விடுதி ஒன்றைத் தொடங்கினார். 1871-இல் அரசு மருத்துவமனை கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது, 66.5 ஏக்கர், 145 நோயாளிகள். பிறகு வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டம், மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் ஆளை உள்ளே அனுப்பும் முறையை நாடு முழுக்க உறுதிப்படுத்தியது. மதிலுக்குள் போனவருக்கு வெளியே வரும் தேதி கிடையாது. வீட்டார் பார்வையாளர்களாகத்தான் வர முடியும், அதுவும் நாளடைவில் நின்றுபோகும். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே தமிழில் ஒரு வசவாகிப்போனதில் வியப்பில்லை.

இந்த மதிலை உடைக்கும் யோசனை ஒரு நெருக்கடியில் பிறந்தது. பிரிவினையின்போது பஞ்சாபின் மனநல மருத்துவமனை லாகூரில் இருந்தது. இந்து, சீக்கிய நோயாளிகளை 1950-இல்தான் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சாதத் ஹசன் மண்டோவின் 'டோபா டேக் சிங்' கதைக்குப் பின்னால் இருப்பது இந்தப் பரிமாற்றம்தான். அவர்களை ஏற்றுக்கொண்ட அமிர்தசரஸ் மருத்துவமனையில் கூட்டம் அதிகம், பணியாளர்கள் குறைவு. அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யா சாகர் ராணுவத்திடம் கூடாரங்களைக் கடன் வாங்கி மருத்துவமனை வளாகத்திலேயே அடித்தார். நோயாளியின் குடும்பத்தை அதில் குடியமர்த்தினார்.

ஆள் இல்லாத குறையைச் சமாளிக்கச் செய்த காரியம் சிகிச்சையாகவே மாறியது. தெரிந்த முகம் பக்கத்தில் இருந்ததால் நோயாளியின் மிரட்சி அடங்கியது. பக்கத்துக் கூடாரத்து ஆள் தேறி வருவதைக் கண்ணால் பார்த்த குடும்பத்துக்கு, இது தலைவிதி அல்ல, தீரக்கூடிய நோய் என்று பிடிபட்டது. வித்யா சாகர் உறவினர்களைக் கூட்டமாக உட்காரவைத்து நோயைப் பற்றிப் பேசுவார். பேயும் இல்லை, பாவத்தின் சம்பளமும் இல்லை என்று எடுத்துச் சொல்வார். வீடு திரும்பிய பிறகு மாத்திரையைத் தவறாமல் கொடுக்கவும், தூக்கம் கெடுவது போன்ற முன்னறிகுறிகளைக் கவனிக்கவும் ஒருவர் தயாராகியிருந்தார். குளோர்புரோமசைன் முதலிய மருந்துகள் புழக்கத்துக்கு வந்த பத்தாண்டும் அதுதான். வருடக்கணக்கில் அடைத்துவைக்க வேண்டிய தேவையை மருந்து குறைத்தது. வாரக்கணக்கில் தேறிய மனிதரை ஏற்றுக்கொள்ளும் வீட்டைக் கூடாரம் தயார் செய்தது. வித்யா சாகர் கட்டுரை எழுதிக் குவித்தவர் அல்லர். அவருடைய முறையைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்தவர்களும் அவரிடம் பயின்றவர்களும்தான்.

தமிழ்நாட்டில் இதே பாதையை எடுத்தது வேலூர். கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃப்ளாரன்ஸ் நிக்கோல்ஸ் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) தொடங்கிய பணி, 1950-களின் பிற்பாதியில் பாகாயத்தில் தனி மனநல மையமாக வளர்ந்தது. சேர்க்கப்படும் ஒவ்வொருவரோடும் குடும்பத்தில் ஒருவர் தங்க வேண்டும் என்பது அங்கே விதி. மேலை நாட்டு மருத்துவமனைகளில் பல, பார்வையாளர் நேரத்தை மணிக்கணக்கில் அளந்துகொண்டிருந்த காலம் அது. அறுபதுகளில் இந்த அனுபவம் அமெரிக்க மனநல மருத்துவ இதழ் வரைக்கும் போனது. நம்மூர் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வியே "பேஷண்ட் கூட யாரு?" என்பதுதானே. அந்தப் பழக்கத்தை வேலூர் ஒரு சிகிச்சைமுறையாகவே வளர்த்தெடுத்தது.

கோயிலில் தங்குவதால் மட்டும் குணமாகுமா? இந்தக் கேள்வியோடு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் ஆய்வு செய்தார்கள். வந்து தங்கிய 31 பேரில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். ஒவ்வொருவரோடும் உறவினர் ஒருவராவது இருந்தார். தங்கக் கட்டணம் இல்லை. பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லை. காலையில் பூஜை, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள். சராசரியாக 6 வாரம் தங்கினார்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரைகள் பலவற்றால் கிடைக்கும் முன்னேற்றத்துக்கு ஈடானது இது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆதரவான, அச்சுறுத்தாத சூழலில் தங்கியதே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. மருந்தைத் தூக்கி எறியச் சொல்லும் சான்று அல்ல.

இந்த ஆய்வு 2002 ஜூலையில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அச்சாவதற்குள், தமிழ்நாட்டில் வழிபாட்டிடத்தில் தங்குவது என்றாலே வேறு பொருள் வந்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள்.

எரிந்தது தர்கா அல்ல. துணைக்குத் தங்க முடியாத குடும்பங்களை நம்பித் தர்காவைச் சுற்றி முளைத்திருந்த விடுதிகளில் ஒன்று. வேண்டுதலுக்கு வந்தவர்கள் வேலை, கூலி, பிள்ளைகள் என்று ஊர் திரும்ப வேண்டியிருந்தது. மாதாமாதம் பணம் அனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது. கூட இருந்து கவனித்த உறவினரின் இடத்துக்குச் சங்கிலி வந்தது. கனவில் உத்தரவு வரும்வரை என்ற கெடுவும் காணாமல் போனது. பழைய வழக்கத்தின் கூடு மட்டும் நின்று, அதற்குள் ஒரு சிறை நடந்துகொண்டிருந்தது.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஏர்வாடி விடுதிகளை அரசு மூடியது. அங்கிருந்தவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். குணசீலம் கோயிலில் உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லம் அமைந்தது. தர்காவில் துவாவோடு மருத்துவரின் மருந்தும் கிடைக்க ஏற்பாடாயிற்று. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. சுயமாக முடிவெடுக்க இயலாத நிலையில் சேர்க்கப்படுபவரை முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே இடைத்தங்கல் இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும். சேர்க்கப்படுபவர் சிறுவரானால், துணைக்கு ஒருவர் உடன் தங்கியே ஆக வேண்டும்.

பெரியவர்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. விதித்தாலும் எல்லோராலும் நிறைவேற்ற முடியாது. பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் அந்தப் பொறுப்பு விழும்; ஒரு மாதக் கூலியும் போகும். துணைக்கு யாருமே இல்லாமல் தெருவில் நிற்பவர்களின் கதை இன்னும் சிக்கலானது. கீழ்ப்பாக்கத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வைக் கையில் எடுத்தது. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு, மனநோயால் பாதிக்கப்பட்ட வீடற்ற பெண்களுக்கு 'அடைக்கலம்' என்ற தற்காலிகத் தங்குமிடத்தை நடத்தியது. அங்கே தேறியவர்கள் தங்கள் ஊரின் பெயரைச் சொல்லத் தொடங்கியதும், பணியாளர்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள், சில நேரம் வடமாநிலக் கிராமங்கள் வரைக்கும். வீட்டார் ஏற்காதவர்களும் வீடே இல்லாதவர்களும் பல ஆண்டுகள் தங்கிப்போனார்கள். அவர்களுக்காக 2015 வாக்கில் பான்யன் வேறு வழி தேடியது. சாதாரணத் தெருக்களில் வீடு வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேராகக் குடியமர்த்தினார்கள். கூட இருந்து உதவும் வேலைக்கு, செவிலியர் பட்டம் கேட்காமல், அக்கம்பக்கத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள்.