டீவி பாஸ்மாரும் கேம் பெட்டியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

1972இல் அமெரிக்காவின் அட்டாரி கம்பனி 'பொங்' என்ற விளையாட்டுப் பெட்டியைச் செய்தபோது அதற்கென்று தனித் திரை எதுவும் இருக்கவில்லை. அல் அல்கோர்ன் என்ற இளம் பொறியியலாளர் கடையில் 75 டொலர் மட்டில் கொடுத்து ஒரு ஹிட்டாச்சி கறுப்பு வெள்ளை டீவியை வாங்கி மரப்பெட்டிக்குள் வைத்தார். பெட்டி கலிஃபோர்னியாவில் ஒரு மதுக்கடைக்குப் போனது. கொஞ்ச நாளில் 'மெஷின் பழுது' என்று அழைப்பு. திறந்து பார்த்தால் டீவிக்கு ஒன்றுமில்லை, காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்திருக்கிறது.

எமக்கு இந்தக் கதையில் முக்கியம் காசு அல்ல, உள்ளே இருந்த டீவி. பின்னால் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978), பேக்மேன் (1980) எல்லாம் வந்து, எலக்ட்ரோஹோம், வெல்ஸ் கார்ட்னர் போன்ற கம்பனிகள் கேம் மொனிட்டர்களைச் செய்து குவித்தன. ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை ட்யூனர் இல்லாத டீவிதான். எமது நாட்டு டீவி செக்கனுக்கு 15,625 கோடுகள் வரையும். அந்த மொனிட்டர்களும் ஏறக்குறைய அதே கணக்கு. ஆகவே டீவி திருத்தத் தெரிந்தவருக்கு கேம் பெட்டியும் அந்நியமல்ல.

இலங்கையில் சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13இல் தொடங்கியது, ஆனால் அது கொழும்பைச் சுற்றித்தான். ஜப்பானின் உதவியோடு 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி ஆரம்பமாகி, பிதுருதலாகலை உச்சியிலிருந்து அலை வந்த பிறகே மலைநாட்டு வீடுகளில் டீவி பரவலானது. டீவி வந்த இடத்துக்கு டீவி பாஸும் வந்தார். குருநாகல் வீதி பிரியும் எமது கட்டுகஸ்தோட்டையில் அவர்களில் சிங்களவரும் இருந்தார்கள், எமது நானாமாரும் இருந்தார்கள். மணிக்கணக்குக்குக் காசு வாங்கி டீவி கேம் விளையாட விட்ட கடைகளும் அவர்களை நம்பித்தான் ஓடின. 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அந்த வாரம் செட் பழுதாகிப்போன வீட்டார் பாஸிடம் கெஞ்சியது எம் வயதினருக்கு மறந்திருக்காது.

அவர்களது வைத்தியம் திரையைப் பார்ப்பதில் தொடங்கும். படம் முழுக்கச் சுருங்கி நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றால், கதிரை மேலும் கீழும் இழுக்கும் பகுதி செத்துவிட்டது. மேல் பக்கம் மடிந்தாலோ அடிப்பக்கம் ஏறினாலோ அதே பகுதியில் ஒரு கண்டென்சர் காய்ந்திருக்கும். பாடப்புத்தகத்தில் நாம் கொள்ளளவி என்று படிப்பிப்பது இதைத்தான். உள்ளே உள்ள திரவம் சூட்டில் வற்ற வற்ற அதன் வேலை குறையும், உருவம் மாறாது. அதனால்தான் கண்ணுக்குத் தப்புகிறது. சந்தேகப்பட்ட ஒன்றின் கால்களுக்குக் குறுக்கே நல்ல ஒன்றைப் பிடித்துப் பார்ப்பார்கள். படம் நிமிர்ந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்!

ஃபியூஸ் கறுத்து எரிந்திருந்தால் கதையே வேறு. பெரும்பாலும் கதிரைப் பக்கவாட்டில் இழுக்கும் ட்ரான்சிஸ்டர் ஷோர்ட். புதிதைப் போட்டு நேரே கரண்ட் கொடுத்தால் அதுவும் அடுத்த நொடி போய்விடும், ஏனென்றால் அதைக் கொன்றது வேறெங்கோ இருக்கலாம்: பழுதான ஃப்ளைபேக், அல்லது அதன் காலடியில் மோதிரம்போல் வெடித்த ஈயப்பற்று. அதற்குத்தான் தொடரில் 100 வொட் பல்பு. ஃபியூஸ் இருந்த இடத்தில் பல்பைக் கோர்த்து ஸ்விட்சைப் போடுவார்கள். ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷோர்ட் இன்னும் உள்ளேதான். ட்ரான்சிஸ்டரின் விலையைப் பல்பு காப்பாற்றியது. பௌதிகவியல் வகுப்பில் தொடர்ச்சுற்றுக்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குக் கிடைத்ததில்லை.

டியூபின் பக்கத்தில் ரப்பர் தொப்பி போட்ட வயர் ஒன்று இருக்கும். கலர் செட்டில் அங்கே 20,000 வோல்டுக்கு மேல். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் டியூப் அதைச் சேமித்து வைத்திருக்கும். டியூபின் ஏர்த் வயரோடு இணைத்த ஸ்க்ரூ ட்ரைவரை அந்தத் தொப்பிக்குள் செலுத்தி, 'டப்' என்று இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள். மற்றக் கை பொக்கற்றில். (பிள்ளைகளே, இதை வாசித்துவிட்டு வீட்டில் முயல வேண்டாம்.)

இன்று வெளிநாடுகளில் பழைய கேம் பெட்டி சேகரிப்பவர்கள் மொனிட்டரில் உள்ள கண்டென்சர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறார்கள். அதற்கென்றே பொதியாக விற்கிறார்கள். எலக்ட்ரோஹோமின் ஜீ07 மாதிரிக்கு ஃப்ளைபேக்கும் சேர்த்து மாற்றுவார்கள், அது அடிக்கடி போவதில் பேர் பெற்றது. நாற்பது வருடப் பழைய சாமானுக்கு அது சரியான வழிதான். எமது பாஸ்மாருக்கு அந்த வசதி இருக்கவில்லை. வாடிக்கையாளரிடம் ஒரு கண்டென்சருக்குத்தான் காசு இருக்கும், ஆகவே எது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். வறுமை கற்றுக்கொடுத்த நோயறிதல் என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

கண்டென்சர் இன்றும் பஸாரில் கிடைக்கிறது, ஃப்ளைபேக் தேடினால் அகப்படும். டியூப் போனால் போனதுதான். பெரிய கலர் டியூப் செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. பாஸ்மாரும் ஒவ்வொருவராக ஃபோன் திருத்தப் போய்விட்டார்கள், சிலர் மௌத்தாகிவிட்டார்கள். எந்த மொடலுக்கு எந்தப் பழுது என்று அவர்கள் எழுதிவைத்த சீ.ஆர். கொப்பிகள் மட்டும் சில வீடுகளில் கிடக்கின்றன. உங்கள் வாப்பாவோ மாமாவோ எழுதியது இருந்தால் பழைய கடதாசிக்குப் போட்டுவிடாமல் எமக்கு அறிவியுங்கள். கொப்பி உங்களிடமே இருக்கட்டும், நாம் வந்து படம் பிடித்துக்கொள்கிறோம்.