கையோடு முடிந்த கூலி

1951-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மார்ஷல் என்ற ஊரில், சில இல்லத்தரசிகள் மத்திய அரசோடு சண்டைக்குப் போனார்கள். காரணம் ஒன்றரை சதவீதம். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஒரு புதிய விதி. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் சம்பளத்தில் 1.5 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும், தங்கள் பங்காக இன்னொரு 1.5 சதவீதம் போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவத்தோடு வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். அது வேலை செய்யும் பெண்ணின் பெயரில் சோஷியல் செக்யூரிட்டி கணக்கில் ஏறும். வயதான காலத்தில் அவருக்குப் பென்ஷன் வரும்.

மார்ஷல் பெண்மணிகள் முடியாது என்றார்கள். எங்களைச் சம்பளமில்லாத வரி வசூல்காரர்களாக ஆக்குகிறீர்கள், இது கட்டாய ஊழியம் என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள்.

கட்டாய ஊழியத்தைத் தடைசெய்வது அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம். 1865-ல் அடிமை முறையை ஒழித்த அதே திருத்தம்தான். கிழக்கு டெக்சாஸில் அன்று வீட்டு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அடிமைகளாக இருந்தவர்களின் பேத்திகள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, முன்னறையில் எஜமானிகள் "எங்களை அடிமையாக்குறாங்க" என்று மனு எழுதினார்கள். 1953-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தைப் பொருட்படுத்தவே தகுதியில்லாதது என்று தள்ளியது. 1954-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்தது.

வழக்கில் தோற்றார்கள், சரி. ஆனால் அவர்கள் எதிர்த்த அந்தப் படிவத்தை நாடு முழுக்கப் பெரும்பாலான வீடுகள் சத்தமில்லாமல் ஓரங்கட்டின. வெள்ளிக்கிழமை மாலை மேசைமேல் நோட்டுகளை வைப்பது, அவர் எடுத்துக்கொண்டு போவது, அவ்வளவுதான் கணக்கு. கையில் கொடுப்பதா, கணக்கில் கொடுப்பதா என்பதை இரண்டு பேருக்கு நடுவில் உள்ள சொந்த ஏற்பாடு மாதிரி பேசுகிறோம். "ரெண்டு பேருக்கும் லாபம்தானே?" என்ற கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டை முதலில் செய்து வைத்தது அரசாங்கம்தான். அதற்கு 1935-க்குப் போக வேண்டும்.

சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது 1935 ஆகஸ்ட் 14 அன்று. அதற்கான திட்டத்தை வரைந்த குழு விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கத்தான் சொல்லியிருந்தது. நிதித்துறைச் செயலர் ஹென்றி மார்கெந்தா நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, லட்சக்கணக்கான வீடுகளில் சில்லறை சில்லறையாக வரி பிடிப்பது நடைமுறைக்கு ஆகாது என்றார். இரு பிரிவினரும் வெளியே விடப்பட்டார்கள். கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி சார்பில் செனட் குழுவின் முன் பேசிய வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் இந்த மசோதாவைச் சல்லடைக்கு ஒப்பிட்டார். அவர் மக்களில் பெரும்பாலோர் விழுந்து போகிற அளவுக்குத்தான் அதன் ஓட்டைகள் இருந்தன.

இது நிறவெறியா, நிர்வாகச் சிரமமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம். ஆனால் சிரமம் என்ற காரணத்தை நான் முழுதாக நம்பத் தயாரில்லை. பிரிட்டன் இதை 1912-லேயே செய்துவிட்டது. லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டில் வீட்டுப் பணியாளர்களும் உண்டு. வாரம் பணிப்பெண் 3 பென்ஸ், எஜமானி 3 பென்ஸ், அட்டையில் ஒரு முத்திரை ஒட்ட வேண்டும். அங்கேயும் எஜமானிகள் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் கூட்டம் போட்டு, முத்திரையை நாக்கால் நக்கமாட்டோம் என்று முழங்கினார்கள். சட்டம் நின்றது. ஆக, வழி தெரியாமல் இல்லை.

சட்டத்துக்கு வெளியே இருப்பது எப்படி இருக்கும் என்பதை அதே 1935-ல் இரண்டு பெண்கள் எழுதினார்கள். எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும். 'தி க்ரைஸிஸ்' இதழின் நவம்பர் எண்ணில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பு 'பிராங்க்ஸ் அடிமைச் சந்தை'. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருமுனைகளில் காலையிலேயே கறுப்பினப் பெண்கள் வந்து நிற்பார்கள். கையில் ஒரு காகிதப் பை, உள்ளே வேலைக்கு மாற்றிக்கொள்ளும் பழைய உடை. வீட்டுக்காரப் பெண்கள் வந்து பேரம் பேசி அழைத்துப் போவார்கள். மணிக்கு 15 சென்ட், நல்ல நாளென்றால் 25 அல்லது 30. மாலையில் பேசியதைவிடக் குறைத்துக் கொடுப்பது உண்டு, கடிகார முள்ளைப் பின்னால் தள்ளி வைத்து ஒரு மணி நேரத்தை விழுங்குவதும் உண்டு. யாரிடம் போய்ச் சொல்ல? 1938-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட் என்று சட்டம் வந்தபோதும் வீட்டு வேலை அதில் இல்லை. 1940 கணக்குப்படி, வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் செய்தது வீட்டு வேலை. குக் 1950-ல் மறுபடி அதே தெருமுனைகளில் பையோடு போய் நின்று இன்னொரு தொடர் எழுதினார். சந்தை அப்படியேதான் இருந்தது.

சரி, 1951-ல் சட்டம் உள்ளே சேர்த்துக்கொண்டதும் இந்தப் பெண்கள் ஓடி வந்து பெயர் கொடுத்திருக்க வேண்டாமா? பலர் கொடுக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். இன்று வாடகைக்குக் குறையும் ஒரு டாலர், முப்பது வருடம் கழித்து வரப்போகும் பென்ஷனைவிடக் கனமானது. அதுவரை அரசாங்கம் தங்களுக்காக எதுவும் செய்ததில்லை என்பதை அனுபவத்தில் தெரிந்தவர்கள் அவர்கள். "படிவம் கேட்டா வேலையே போயிடும்" என்ற பயமும் இருந்தது. அதைவிட முக்கியம், முதல் விதியே அவர்களில் பலரை வெளியே நிறுத்தியது. ஒரே வீட்டில் மூன்று மாதத்தில் 24 நாளாவது வேலை பார்த்து 50 டாலராவது வாங்கியிருந்தால்தான் கணக்கில் வரும். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று போகிறவருக்கு எந்த வீட்டிலும் 24 நாள் சேராது. நாள் கணக்கு 1954-ல் நீக்கப்பட்டது. 50 டாலர் வரம்பு அப்படியே தங்கியது.

இன்னொன்று. ரொக்கக் கூலி மட்டுமே கணக்கில் ஏறும். வீட்டு வேலைக்குக் கூலியாக வரும் பழைய உடுப்பு, மீந்த சாப்பாடு எதுவும் ஏறாது. அமெரிக்கத் தெற்கில் மீந்ததைப் பாத்திரத்தில் எடுத்துப் போவது கூலியின் ஒரு பகுதியாகவே நடந்துவந்தது. நம் வீடுகளின் தீபாவளிப் புடவையையும் நேற்றைய குழம்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். அன்பாகவும் இருக்கலாம், கூலியைக் குறைக்கும் வழியாகவும் இருக்கலாம். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியும்.

ஆனால் உழைக்கும் பெண்களுக்குக் காகிதமே பிடிக்காது என்று முடிவு கட்டவும் முடியாது. 1881 ஜூலையில் அட்லாண்டா நகரத்தில் வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுத்த கறுப்பினப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 20 பேரில் தொடங்கி, மூன்றே வாரத்தில் 3,000 பேர் வரை சேர்ந்தார்கள். 12 பவுண்டு துணிக்கு ஒரு டாலர் வேண்டும் என்பது கோரிக்கை. மிரட்டுவதற்காக நகரசபை, துணி வெளுப்பவர்கள் ஆண்டுக்கு 25 டாலர் லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. மாதம் 4 முதல் 8 டாலர் சம்பாதித்தவர்களுக்கு 25 டாலர் என்பது பல மாதச் சோறு. அவர்கள் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். 25 டாலர் என்ன, 50 டாலரும் கட்டுகிறோம், ஆனால் நகரத்தின் வெளுப்பு வேலை எங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், விலையை நாங்கள் வைப்போம். நகரசபை அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டது. காகிதம் தங்களைக் காக்கும் என்றால் விலை கொடுத்து வாங்கத் தயாராக இருந்தவர்கள் அவர்கள்.

அதே அட்லாண்டாவில் 1968-ல் டோரதி போல்டன் வீட்டுப் பணியாளர் சங்கம் தொடங்கினார். ஒன்பது வயதிலேயே வேலைக்குப் போனவர். வீட்டு வேலையில் தொழிற்சாலை வாசல் கிடையாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டுக்குள். எல்லோரும் சேர்ந்து இருக்கும் ஒரே இடம் காலை நேர நகரப் பேருந்து. போல்டன் பேருந்து பேருந்தாக ஏறிப் பேசினார். சேருபவர் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய வேண்டும் என்பது சங்கத்தின் நிபந்தனை. 1974-ல்தான் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலையைத் தொட்டது, மணிக்கு 1.90 டாலர். அதற்காக நாடாளுமன்றத்தில் போராடியவர்களில் ஒருவர் ஷெர்லி சிஷம். அவருடைய அம்மாவும் வீட்டு வேலை செய்தவர்.

பிறகு 1993. ஜனாதிபதி கிளிண்டன் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு ஸோயி பேர்ட் பெயரை முன்மொழிந்தார். ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்த வழக்கறிஞர். பெரு நாட்டிலிருந்து ஆவணமில்லாமல் வந்த ஒரு தம்பதியை வேலைக்கு வைத்து, அவர்களுக்கான சோஷியல் செக்யூரிட்டி வரியைக் கட்டாமல் இருந்தது தெரிந்ததும் நாடே கொதித்தது. ஜனவரி 22 அன்று விலகினார். அடுத்து வந்த நீதிபதி கிம்பா வுட் வரியைக் கட்டியிருந்தார், ஆளை அமர்த்தியபோது அது சட்டவிரோதமும் இல்லை. ஆனாலும் அவர் பெயரும் போனது. ஆண்கள் விஷயம் கொஞ்சம் வேறு. வீட்டைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்கு வரி கட்டாததை வர்த்தகச் செயலர் ரான் பிரவுன் ஒப்புக்கொண்டார், பதவியில் தொடர்ந்தார். ஸ்டீபன் பிரேயர் வீட்டில் பகுதி நேரமாகச் சுத்தம் செய்தவர் ஒரு முதிய பெண், அவருக்கும் வரி கட்டப்படவில்லை. 1993-ல் உச்ச நீதிமன்றப் பதவி பிரேயருக்குக் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் நீதிபதியானார். இத்தனை களேபரத்திலும் பெரு நாட்டுத் தம்பதிக்கோ அந்த முதிய பெண்ணுக்கோ என்ன கிடைக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச்சே குறைவு.

1994 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. காலாண்டுப் படிவம் ஒழிந்தது, ஆண்டுக்கு ஒருமுறை வருமான வரியோடு சேர்த்துக் கட்டலாம். நல்ல எளிமை, மறுக்கவில்லை. கூடவே வரம்பு காலாண்டுக்கு 50 டாலரிலிருந்து ஆண்டுக்கு 1,000 டாலராக ஏறியது. அதன் பிறகும் ஏறிக்கொண்டே போய், 2025-ல் ஒரு வீட்டுக்கு 2,800 டாலர். அதற்குக் கீழே கொடுப்பவர் சோஷியல் செக்யூரிட்டிக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் இரண்டு வாரத்தில் பத்து வேலைநாளும் பத்து வீடுகளில் வேலை செய்கிறார். வீட்டுக்கு 100 டாலர். ஒரு வீட்டிலிருந்து ஆண்டுக்கு 2,600, மொத்தம் 26,000 டாலர். இதே 26,000 டாலரை ஒரே வீடு கொடுத்தால், அந்த வீட்டுக்காரர் தன் பங்காக 1,989 டாலர் கட்ட வேண்டும், அவர் சம்பளத்திலும் அதே அளவு பிடிப்பார்கள், பென்ஷனுக்குத் தேவையான 40 புள்ளிகளில் 4 அந்த ஆண்டே சேர்ந்துவிடும். சொந்தமாகத் துப்புரவுத் தொழில் நடத்துகிறவர் என்றால் இரண்டு பங்கையும் தானே கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் சொல்கிறபடி வேலை செய்யும் இந்தப் பெண்ணுக்கு இரண்டுமே இல்லை. இதே விதியில் 25 வருடம் உழைத்தாலும் சோஷியல் செக்யூரிட்டி பதிவேட்டில் இந்த வேலைக்கு நேரே 0 என்றுதான் இருக்கும். பத்து வீட்டுக்காரர்களில் ஒருவர்கூடச் சட்டத்தை மீறியிருக்க மாட்டார்.