இன்ஜினுக்கா, வேகத்துக்கா?

ரிமோட்டில் இயங்கும் மாடல் விமானத்துக்குப் புரொப்பெல்லர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினிலிருந்தே தொடங்குகிறார்கள். 6.5 சிசி குளோ இன்ஜின் என்றால் 10×6 என்று வாய்ப்பாடு மாதிரி பதில் வரும். முதல் எண் விட்டம். இரண்டாவது எண் பிட்ச், அதாவது வழுக்காமல் சென்றால் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம். இரண்டும் அங்குலக் கணக்கு. இந்தப் பழக்கத்தில் பாதி நியாயம் உண்டு, ஏனென்றால் இன்ஜினால் சுழற்ற முடியாத புரொப்பெல்லரால் பயனில்லை. ஆனால் புரொப்பெல்லர் வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், நன்றாகப் பறந்தவர்கள் விமானம் எந்த வேகத்தில் போகவேண்டும் என்பதையே முதலில் கேட்டிருக்கிறார்கள். இன்ஜினை அதற்கு இணக்கும் வேலை பிறகுதான் வந்தது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ரைட் சகோதரர்கள். 1902ஆம் ஆண்டின் இறுதியில், கிளைடரை வசப்படுத்திய கையோடு அவர்கள் இன்ஜின் பொருத்திய விமானத்தில் இறங்கினார்கள். கப்பல் கட்டுபவர்கள் பல பத்தாண்டுகளாகச் சுழல்விசிறி செய்துவருகிறார்களே, அவர்களுடைய கணக்கை எடுத்துத் தண்ணீருக்குப் பதில் காற்றைப் போட்டால் போதும் என்று முதலில் நினைத்தார்கள். தேடிப் பார்த்தபோது அவர்களுக்குக் கிடைத்தவை அனுபவச் சூத்திரங்கள்தான். கப்பலில் ஒன்று சரிப்படாவிட்டால் வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். கையில் 12 குதிரைத்திறன் மட்டுமே உள்ளவர்களுக்கு அந்த வசதி கிடையாது. மரத்தில் திருகாணி இறங்குவதைப் போலப் புரொப்பெல்லர் காற்றுக்குள் இறங்குகிறது என்ற பழைய எண்ணத்தை அவர்கள் கைவிட்டார்கள். சுழன்றுகொண்டே முன்னேறும் இறக்கையாக அதைப் பார்த்தார்கள். இறக்கையைப் பற்றித் தங்கள் காற்றுக்குகையில் 1901இல் எடுத்த அளவுகள் அவர்களிடம் இருந்தன. சிக்கல் என்னவென்றால், அந்த இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் விமானத்தின் வேகத்தைப் பொறுத்தது, சுழற்சியைப் பொறுத்தது, அதுவே பின்னால் தள்ளும் காற்றையும் பொறுத்தது. ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறும். இருவரும் வாதிட்டு வாதிட்டு, கடைசியில் அண்ணன் தம்பியின் கட்சிக்கும் தம்பி அண்ணன் கட்சிக்கும் மாறிப்போன கதையை அவர்களே 1908இல் எழுதியிருக்கிறார்கள்.

கணக்கு முடிந்ததும் கைவேலை தொடங்கியது. ஸ்புரூஸ் மரத்தில் மூன்று பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கைக்கோடரியாலும் இழுப்புளியாலும் செதுக்கி, நுனிகளில் துணி ஒட்டினார்கள். விட்டம் எட்டரை அடி. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரண்டு. இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,000 சுற்றுகள் சுற்றியது. அந்த வேகத்தில் அத்தனை பெரிய புரொப்பெல்லரைச் சுழற்ற அந்த இன்ஜினுக்கு வலுவே இருந்திருக்காது. சுற்றை மட்டுப்படுத்த இன்ஜின் பக்கம் 8 பல்லும் புரொப்பெல்லர் பக்கம் 23 பல்லும் உள்ள சக்கரங்களை சைக்கிள் பாணிச் சங்கிலியால் இணைத்தார்கள். சுற்று 350 அளவுக்கு இறங்கியது. இன்ஜினுக்குப் பொருந்தும் சிறிய புரொப்பெல்லரைத் தேடுவதை விட்டு, மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு ஏற்ற பெரிய புரொப்பெல்லரை முடிவுசெய்து, இன்ஜினை அதற்கு இணக்கினார்கள். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் வீணாகும் ஆற்றல் குறைவு. பிற்காலத்தில் அதே வடிவத்தை நகலெடுத்துக் காற்றுக்குகையில் சோதித்தபோது, உச்சத் திறன் சுமார் 75 விழுக்காடு வந்தது. சகோதரர்கள் எதிர்பார்த்ததே 66தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 1871 ஆகஸ்டில் பாரிசின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ பறக்கவிட்ட ரப்பர் மாடல் 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் சென்றது. இறக்கைக் கணக்கு எதுவுமில்லாமல் அது பறக்கவில்லையா? பறந்தது. அந்த மாடலின் எடை வெறும் 16 கிராம். முறுக்கிய ரப்பர் தரும் ஆற்றல் அந்த எடைக்கு ஏராளம். ஆற்றல் மிச்சமிருக்கும் இடத்தில் புரொப்பெல்லரின் குறை வெளியே தெரியாது. இன்றைய பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் அதே மாதிரியான தாராளத்தைத் தருகின்றன. பொருந்தாத புரொப்பெல்லரோடும் விமானம் எழும்பிவிடும். அதன் விலை மோட்டாரின் சூட்டிலும், குறைந்துபோகும் பறக்கும் நேரத்திலும் கழிந்துவிடும். பறந்தது என்பதை வைத்துத் தேர்வு சரி என்று சொல்லிவிட முடியாது.

தரையில் நிறுத்தி, தராசைக் கட்டி, இழுவிசை அதிகம் காட்டுவதைத் தேர்ந்தால் போதாதா என்பது அடுத்த மறுப்பு. ரைட் சகோதரர்களும் 1903 நவம்பரில் கிட்டி ஹாக்கில் அப்படி அளந்தார்கள். சுமார் 60 கிலோ இழுவிசை கிடைத்தது. திட்டமிட்டதைவிட விமானத்தின் எடை கூடிப்போயிருந்த நேரத்தில் அது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்தச் சோதனை தங்கள் கணக்கைச் சரிபார்க்கத்தான் உதவியது, புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுக்க அல்ல. நிற்கும் விமானத்தின் இழுவிசை பறக்கும்போது அப்படியே இருக்காது, வேகம் கூடக்கூட அது குறையும். 10×6 நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் அதன் பிட்ச் வேகம் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர். விமானம் அந்த வேகத்தை நெருங்கும்போது இழுவிசை வெகுவாகத் தேய்ந்துவிடும். பந்தய விமானத்துக்குச் சிறிய விட்டமும் பெரிய பிட்சும், மெதுவாக மிதக்கும் விமானத்துக்குப் பெரிய விட்டமும் சிறிய பிட்சும் பொருந்துவதன் காரணம் இதுவே. விட்டத்தை மாற்றும்போது எச்சரிக்கையும் வேண்டும். வடிவ விகிதமும் சுற்றும் மாறாமல் 10 அங்குலத்தை 11 ஆக்கினால், தேவைப்படும் திறன் சுமார் 60 விழுக்காடு எகிறும்.

மாடல் உலகம் இந்தப் பாடத்தைத் தன் வழியில் மறுபடி கற்றது. சிறிய பிரஷ் மோட்டார்கள் மிக வேகமாகச் சுழல்பவை. அவற்றை மெதுவான விமானங்களில் பொருத்த விரும்பியவர்கள் பல்சக்கரப் பெட்டி வைத்துப் பெரிய புரொப்பெல்லரைச் சுழற்றினார்கள். அது ரைட் சங்கிலியின் அதே வேலை. மனித பலத்தால் பறக்கும் விமானத்தில் கணக்கு இன்னும் கறாரானது. 1979 ஜூன் 12 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த காசமர் ஆல்பட்ராஸுக்கு, எம்ஐடியின் யூஜின் லாராபி எளிமைப்படுத்திய வடிவமைப்பு முறையில் உருவான புரொப்பெல்லர் கைகொடுத்தது. மிதித்து ஓட்டியவரிடம் வீணடிக்கத் திறன் இல்லை.

புரொப்பெல்லரின் மேல் அச்சிட்ட எண்களை மட்டும் நம்பலாமா என்ற கேள்விக்கு இலினாய் பல்கலைக்கழகத்தில் பிராண்டும் செலிக்கும் 2011இல் வெளியிட்ட அளவீடுகள் பதில் தருகின்றன. பெரும்பாலும் 9 முதல் 11 அங்குலம் வரையான 79 புரொப்பெல்லர்களைச் சோதித்தார்கள். நல்லவற்றின் உச்சத் திறன் 0.65 வரை எட்டியது, மிக மோசமானது 0.28 அளவிலேயே நின்றது. சுற்று குறையும்போது திறனும் இறங்கியது. ஆகவே ரைட் விமானத்தின் 75 விழுக்காட்டை 10 அங்குல பிளாஸ்டிக்கிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. இலினாயின் அளவீடுகள் யாரும் எடுத்துப் பார்க்கும்படி இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த புரொப்பெல்லரை வாங்கும் முன் உங்கள் விமானம் பறக்கவேண்டிய வேகத்தை எழுதி வைத்துக்கொண்டு அவற்றைப் பாருங்கள். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதை அதன்பின் அளந்துகொள்ளலாம்.