நூலகர் பயிற்சியும் மீமிசல் கடலோரமும்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

பொது நூலகங்களின் சரித்திரம் நம் நாட்டில் பெரும்பாலும் கட்டடங்களின் சரித்திரமாகவும் சட்டங்களின் சரித்திரமாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அக்கட்டடத்தின் கதவைத் திறந்து, பத்திரிகைகளை மேசையில் பரப்பி, வருவோர் கேட்பதைத் தேடிக் கொடுத்து, பொழுது சாய்ந்ததும் பூட்டிச் செல்லும் நூலகர் என்ன கற்றிருந்தார், யாரிடம் கற்றார், கற்றது அவருக்கு எவ்வளவு தூரம் பிரயோஜனப்பட்டது என்னும் விசாரணை அபூர்வமாகவே நிகழ்ந்துள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கோடியில், ஆவுடையார்கோயில் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் அமைந்த மீமிசலையும் அதன் சுற்றுப்புறத்தையும் கண்முன் நிறுத்திக்கொண்டு அவ்விசாரணையை இங்கே மேற்கொள்வோம். தலைநகரத்துப் பெருநூலகத்திலிருந்து பார்க்கும்போது புலப்படாத சில குறைகள், கடலோரத்துச் சிற்றூரிலிருந்து பார்க்கும்போது தெளிவாகப் புலப்படும் என்பதே இதற்குக் காரணம்.

இந்தியாவில் நூலகர்களுக்கென்று முறையான வகுப்பு முதன்முதலில் நடந்த இடம் பரோடா. மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் மன்னர் 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்பவரை வரவழைத்துத் தம் ராஜ்யத்து நூலகங்களை ஒழுங்குபடுத்தினார். பயிற்சி வகுப்பும் அப்போது தோன்றியது. 1915இல் லாகூரில் ஆசா டான் டிக்கின்சன் என்னும் மற்றோர் அமெரிக்கர் பஞ்சாப் சர்வகலாசாலையில் வகுப்பு நடத்தினார். சென்னை ராஜதானிக்கு அவ்வாய்ப்பு வெளிநாட்டாரால் வரவில்லை. சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் ஒருவரால் வந்தது. மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையின் கலகலப்பில் பழகியவருக்கு அவ்வேலையின் தனிமை பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய உத்தியோகத்துக்குத் திரும்ப விரும்பினார் என்பர். லண்டனுக்குச் சென்று பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பயின்று, அந்நாட்டுப் பொது நூலகங்கள் பலவற்றை நேரில் கண்டு 1925இல் திரும்பியபோதோ, அவர் முற்றிலும் வேறு மனிதராகத் திரும்பினார்.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே அச்சங்கம் கோடைப் பயிற்சி வகுப்பைத் தொடங்க, 1931இல் சர்வகலாசாலை அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1937இல் அது பட்டம் பெற்றவர்களுக்கான ஓராண்டு டிப்ளமா வகுப்பாக உயர்ந்தது. அவ்வகுப்புகளில் வகைப்படுத்தலும் பட்டியல் தயாரித்தலும் பெரும்பகுதியைப் பெற்றன என்பது உண்மையே. கோலன் பகுப்பு முறையைக் கண்டவர் நடத்திய பள்ளியில் அவை பெரும்பகுதி பெறாமல் வேறென்ன பெறும்? ஆயினும் ரங்கநாதனின் சிந்தனையில் அவை சாதனங்களே, இலக்கு வேறு. வாசகரின் தேவையை வினவி அறிந்து, அதற்கேற்ற நூலை அவர் கையில் சேர்ப்பிக்கும் நோக்கீட்டுப் பணியையே நூலகத் தொழிலின் சிகரமாக அவர் கருதினார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்று நேராக வாசகரைப் பற்றியே பேசுவன என்பது கவனிக்கத்தக்கது. பின்னாளில் நம் பயிற்சி முறை சாதனங்களைப் பற்றிக்கொண்டு இலக்கை நழுவவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. நூல்களை அடுக்கிய வண்டி கிராமம் கிராமமாகச் சென்றது. மீமிசலை உள்ளிட்ட அறந்தாங்கி வட்டமும் அக்காலத்தில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்ததுதான். எனவே அவ்வண்டியை நம் நூலகப் பரம்பரையின் முன்னோடி என்று உரிமை கொண்டாட நமக்கு நியாயம் உண்டு. அவ்வண்டியோடு சென்றவருக்கு வேண்டியிருந்த திறமைகளைச் சற்று யோசித்துப் பார்ப்போம். எந்த ஊரில் அறுவடை, எந்த ஊரில் திருவிழா என்று அறிந்திருக்க வேண்டும். எழுத்தறிந்த ஒருவரைப் பிடித்து, அறியாத பத்துப் பேருக்கு அவர் வாசித்துக் காட்டும்படி செய்ய வேண்டும். போன தடவை கொடுத்த புத்தகத்தை, யாரையும் பகைத்துக்கொள்ளாமல் திரும்ப வாங்க வேண்டும். இவற்றுள் ஒன்றுகூடப் பட்டியல் அட்டையில் அடங்குவதன்று.

சட்டம் வந்தது. 1930இல் காசியில் கூடிய கல்வி மாநாட்டில் ரங்கநாதன் அளித்த மாதிரி மசோதா, 1933இல் பஷீர் அகமது சயீது அவர்களால் சென்னைச் சட்டசபையில் கொண்டுவரப்பட்டுப் பலனின்றிப் போக, சுதந்திரத்துக்குப்பின் கல்வி மந்திரியாக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் காலத்தில், 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டமாக உருப்பெற்றது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரி, கிளை நூலகங்கள் என்னும் அமைப்பு இச்சட்டத்தால் விளைந்தது. காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு கிளைகளைப் பரப்பினார். கிளைகள் பெருகிய வேகத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள் பெருகவில்லை. அரசுக் காரியாலயத்தின் பதிவேட்டு ஒழுக்கம் அந்த இடைவெளியை நிரப்பியது.

அவ்வொழுக்கத்தின் தன்மையை அருகிருந்து காண்பது நல்லது. ஒரு புதிய நூல் கிளைக்கு வந்தவுடன் சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண் பெறும். முகப்புப் பக்கத்திலும், இன்ன பக்கமென்று குறித்துவைத்த ரகசியப் பக்கத்திலும் முத்திரை விழும். பின் அட்டையின் உட்புறத்தில் சிறு காகிதப் பை ஒட்டி அதில் நூல் அட்டை செருகப்படும். எதிரே தேதித் தாள் ஒட்டப்படும். வாசகர் நூலை எடுத்தால் நூல் அட்டை அவருடைய உறுப்பினர் சீட்டோடு சேர்ந்து மேசைமேல் உள்ள தட்டில் தேதி வாரியாக நிற்கும். ஆண்டுத் தணிக்கையில் ஒரு நூல் குறைந்தால் விலையை நூலகரே கட்ட நேரிடும் என்ற அச்சம் இம்முறையோடு கூடவே வளர்ந்தது. பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் புத்தகங்களைப் பத்திரப்படுத்தும் நூலகரைப் பரிகசிப்பது எளிது. இழந்த புத்தகத்துக்கு அவரிடம் கணக்குக் கேட்டோமே ஒழிய, வாசிக்கப்படாத புத்தகத்துக்கு யாரேனும் கேட்டோமா?

1972ஆம் ஆண்டு பல வகையில் விசேஷமானது. பொது நூலகத்துறை அவ்வாண்டில் கல்வித்துறையினின்றும் பிரிந்து தனி இயக்ககமாயிற்று. நூலகவியல் பயின்ற வே. தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானார். கல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை ஏற்பட்டதும், ரங்கநாதன் காலமானதும் அதே ஆண்டில். தொழிலறிந்தவர் தலைமைப் பதவிக்கு வந்ததன் பயனாக, நூலகவியல் சான்றிதழும் பட்டமும் உத்தியோகத்துக்குரிய தகுதிகளாக நிலைபெற்றன. தமிழிலேயே நூலக இயக்கத்தின் வரலாற்றை எழுதியவரும் தில்லைநாயகமே. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது தஞ்சையிலிருந்து பிரிந்த அறந்தாங்கி வட்டமும் அதனோடு சேர்ந்தது. மீமிசல் பகுதி நூலக நிர்வாகத்தில் புதிய தலைமையிடத்தைப் பெற்றது.

இங்கே ஒரு கிளைச் செய்தி சொல்ல அனுமதி வேண்டும். அதே புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்தில், ஆசிரியராக இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர்தம் துணைவியார் டோரதியும் திரட்டிய ஞானாலயா என்னும் தனியார் நூலகம் இருக்கிறது. தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடிவரும் ஆராய்ச்சியாளர்கள் அங்கே போகாமல் இருப்பதில்லை. எப்பதிப்பில் எந்த முன்னுரை இருந்தது, அடுத்த பதிப்பில் அது ஏன் காணாமற்போயிற்று என்று நினைவிலிருந்து சொல்லும் அந்த ஞானம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. புத்தகங்களைப் படித்த நூலகர் என்னும் எளிய தகுதியை நம் தேர்வு முறை ஒருபோதும் அளந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, இம்மாவட்டத்துக்கே உரிய பெரும் நிகழ்ச்சிக்கு வருவோம். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் தலைமையிலும், ஆயிரக்கணக்கான தொண்டர்களின் உழைப்பிலும், புதுக்கோட்டையை அகில இந்தியாவும் திரும்பிப் பார்க்கச் செய்தது. கல்குவாரியில் உழைத்த பெண்களும் வயலில் உழைத்த பெண்களும் எழுத்துக் கற்றனர். சைக்கிள் ஓட்டவும் கற்றனர். பெண்கள் சைக்கிளில் செல்லும் காட்சி அவ்வியக்கத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது. அவ்வாறு நாற்பது வயதில் எழுத்துக்கூட்டக் கற்ற ஒரு பெண்மணி கிளை நூலகத்தின் வாயிலில் வந்து நின்றால் அவருக்கு எந்த நூலைக் கொடுப்பது? பெரிய எழுத்தில், சிறு வாக்கியத்தில், குழந்தைக் கதையாக இராமல், வளர்ந்தவரின் வாழ்க்கையைப் பேசும் நூல் வேண்டும். அறிவொளித் தொண்டர்கள் அத்தகைய சிறு பிரசுரங்களை உண்டாக்கினார்கள். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்து, புதிய வாசகரின் கூச்சத்தைப் போக்கி, வாரந்தோறும் அவரை வரவழைக்கும் கலை நூலகப் பயிற்சியில் ஒரு பாடமாக இடம்பெறவில்லை. இயக்கத்தின் உற்சாகம் தணிந்தபின் கற்ற எழுத்து பலருக்கு மறந்துபோனதற்கு வேறு காரணங்களும் உண்டு. அக்காரணங்களுள் இதையும் ஒன்றாகச் சேர்ப்பது நியாயமே என்பது என் அபிப்பிராயம்.

அதன்பின் வந்த மாறுதல்கள் வேகமானவை. 2006ஆம் ஆண்டின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடத்தை எழுப்பிற்று. அங்கே பொறுப்பேற்றவர்களோ மதிப்பூதியம் பெறும் உள்ளூர்க்காரர்கள், பயிற்சி இன்னதென்று அறியாதவர்கள். 2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் குவிந்தன. இதனால் நூலகருக்கு ஒரு புதிய கல்வி அவசியமாயிற்று. 1999இல் வகுத்த தமிழ்99 விசைப்பலகையைப் பழக வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டெழுதிய பட்டியல்கள் 2010இல் அரசு ஏற்ற ஒருங்குறிக்கு மாற வேண்டும். கோகா போன்ற இலவச நிரலிகளில் நூல் விவரம் பதிய வேண்டும். இப்பயிற்சிகள் வேண்டியவையே. எனினும் ஊன்றிக் கவனித்தால், ஐம்பதுகளின் பதிவேட்டுப் பயிற்சி கணினித் திரைக்கு இடம் பெயர்ந்திருக்கிறதே அன்றி வேறல்ல என்று தோன்றும்.

மீமிசல் கடலோரத்தில் நூலகராக இருப்பவர் எதிர்கொள்ளும் காரியங்களை இத்துடன் ஒப்பிட்டு நோக்குக. முதலாவது, உப்புக் காற்று. இரும்பு அலமாரி துருவேறும், அத்துரு புத்தகத்தின் அடியில் பழுப்புக் கறையாக ஏறும். ஐப்பசி கார்த்திகை மழையில் காகிதம் ஈரம் உறிஞ்சி, இராமபாணப் பூச்சிக்கு விருந்தாகும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது இம்மாவட்டம் பட்ட பாட்டை அறிந்தவர்கள், நனைந்த நூலை வெயிலில் பரப்பக் கூடாது, காற்றோட்டமான நிழலில் பக்கங்களுக்கிடையே உறிஞ்சு தாள் வைத்து உலர்த்த வேண்டும் என்ற சிறு அறிவு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை உணர்வார்கள்.

இரண்டாவது, வாசகர்களின் கலவை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுத் தொழிலாளர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கரையில் இருக்கிறார்கள். அந்த 61 நாட்களும் நூலகத்துக்கு அறுவடைக் காலமாக வேண்டியவை. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் வாலிபர்கள் ஒப்பந்தப் பத்திரத்தின் பொருளை விளங்கிக்கொள்ள விழைகிறார்கள். அரசுப் பணிக்கான தொகுதி நான்கு தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் பழைய வினாத்தாள் கேட்கிறார்கள். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மீனவரின் வீட்டார் எந்த அலுவலகத்துக்கு எந்த மனு என்று தெரியாமல் தவிக்கிறார்கள். தனியொருவராகவே கிளையைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் இத்தனை பேருக்கும் விடை தேடித் தரவேண்டும். தமக்குத் தெரியாதபோது தெரிந்த இடத்துக்கு வழிகாட்ட வேண்டும். ரங்கநாதன் சொன்ன நோக்கீட்டுப் பணி இதுவன்றி வேறென்ன? யுனெஸ்கோ தன் பொது நூலக அறிக்கையை 1949இல் முதலில் வெளியிட்டு, 1994இலும் 2022இலும் புதுப்பித்தபோது மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதும், பொது நூலகம் தான் இருக்கும் ஊருக்கு உரியதாக வேண்டும் என்பதையே.

ஆதலின் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒரு கோரிக்கையை வைப்பது இவ்வாராய்ச்சியின் கடமையாகிறது. பயிற்சியென்றால் சென்னைக்கு ஆளனுப்புவது, சென்றவர் சான்றிதழோடு திரும்புவது, அவர் வரும்வரை கிளை பூட்டிக் கிடப்பது என்னும் சம்பிரதாயம் போதும். அறந்தாங்கியிலேயே, கடலோரக் கிளைகளின் நூலகர்களையும் ஊராட்சி நூலகங்களின் பொறுப்பாளர்களையும் ஒன்றாக அமர்த்தி, ஆண்டுக்கு ஒரு வகுப்பு நடத்தலாம். நூற்பாதுகாப்பைக் கற்பிக்க ஒருவர், மீன்வளத்துறையின் நடைமுறைகளைச் சொல்ல ஒருவர், அறிவொளிக் காலத்தில் பணியாற்றிய மூத்த தொண்டர் ஒருவர், கணினிக்கு ஒருவர் என்று நான்கு ஆசிரியர்கள் போதும். தடைக்காலம் தொடங்குவதற்கு முன், பங்குனி மாதத்தில் அவ்வகுப்பை வைத்துக்கொண்டால், கற்றதைச் சோதித்துப் பார்க்க நூலகர்களுக்கு உடனே இரண்டு மாதம் கிடைக்கும்.