அதே குழுதானா இது?

சென்ற முறை ரீயூனியனுக்கு அழைப்பதற்காக எங்கள் விடுதி சீனியர் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். "பழைய ஹாஸ்டல இடிச்சாச்சு. அந்த மெஸ்ஸும் இல்ல. நமக்குப் பாடம் நடத்துன வாத்தியார் ஒருத்தர்கூட இல்ல. பேரு மட்டும்தான்டா தம்பி மிச்சம். அது நம்ம காலேஜே இல்ல, நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. பிறகு மலர்க் குழுவினர், "வரலாறு படிச்சவரு நீங்க, ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டபோது, பதிலை இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. வரலாறு என்றதும் சோழர், பாண்டியர் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இது ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவின் வரலாறு. அந்தக் குழுவை எனக்கு அறிமுகப்படுத்தியதே மேற்படி அண்ணன்தான்.

எங்கள் காலத்தில், அதாவது 1980-களின் நடுவில், அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டரும், லண்டனிலிருந்த அவருடைய மாமா பதிவு செய்து அனுப்பிய சில கேசட்டுகளும் இருந்தன. விடுதி முழுக்க இளையராஜா ஒலிக்கும்போது அவர் அறையில் மட்டும் ஃபிடிலும் எலெக்ட்ரிக் கிதாரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். "சாண்டி டென்னி பாடாத ஃபேர்போர்ட் உப்பில்லாத சாம்பார்டா" என்பார். என் அறை நண்பன் விடமாட்டான். "அண்ணே, டேவ் ஸ்வார்ப்ரிக்கோட ஃபிடில் இருக்கே, அது போதாதா?" என்பான். வார்டன் வந்து விளக்கை அணைக்கச் சொல்லும் வரை சண்டை நடக்கும். இதே சண்டையை இங்கிலாந்து ரசிகர்களும் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு வீட்டின் பெயர்

லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் சைமன் நிக்கோல் குடும்பத்தாரின் வீட்டுக்கு 'ஃபேர்போர்ட்' என்று பெயர். அங்கே கூடிப் பயிற்சி செய்ததால் குழுவுக்கும் அதுவே பெயராயிற்று. நிக்கோல், ஆஷ்லி ஹட்சிங்ஸ், ரிச்சர்ட் தாம்சன் முதலியோர் 1967 மே 27 அன்று கோல்டர்ஸ் கிரீனில் ஒரு தேவாலய மண்டபத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தினார்கள். அன்று கேட்க வந்திருந்த மார்ட்டின் லாம்பிள் என்ற பையன், இவர்களுடைய டிரம்மரைவிடத் தான் நன்றாக வாசிப்பதாகச் சொல்லி, அப்படியே குழுவில் சேர்ந்துகொண்டான். எல்லாம் நம் விடுதிப் பிள்ளைகள் வயதுதான். அப்போது அவர்கள் பாடியவற்றில் அமெரிக்கப் பாணிப் பாட்டுகளே அதிகம். 'இங்கிலாந்தின் ஜெஃபர்சன் ஏர்ப்ளேன்' என்றுகூட அவர்களைச் சொன்னார்கள்.

1968-ல் சாண்டி டென்னி சேர்ந்தார். ஃபோக் கிளப்புகளில் பாடி வளர்ந்தவர் ஆதலால், இங்கிலாந்தின் பழைய நாட்டுப்பாடல்களைக் கூடவே கொண்டுவந்தார். 'எ செய்லர்ஸ் லைஃப்' என்ற பழைய பாட்டை, விருந்தினராக வந்த ஸ்வார்ப்ரிக்கின் ஃபிடிலோடு 11 நிமிடத்துக்கு ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தார்கள். பின்னால் ஃபோக் ராக் என்று இங்கிலாந்தில் வளர்ந்த இசைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அந்த விபத்து

1969 மே 12 அதிகாலை. பர்மிங்ஹாமில் நிகழ்ச்சி முடித்து லண்டன் திரும்பும் வழியில், எம்-1 நெடுஞ்சாலையில் அவர்கள் வந்த வேன் கவிழ்ந்தது. மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனான். வயது 19. தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள்.

குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். தொடர்வது என்று கடைசியில் முடிவானபோது, லாம்பிளோடு சேர்ந்து வாசித்த பழைய பாட்டுகளை இனி மேடையில் வாசிப்பதில்லை என்றும் முடிவாயிற்று. இந்த இடத்தை நண்பர்கள் கவனிக்க வேண்டும். ஃபேர்போர்ட்டின் மிகப் பெரிய மாற்றம் காசுக்காகவோ மோஸ்தருக்காகவோ வந்தது அல்ல. பழையதை வாசிக்க மனசு வராமல் வந்தது.

அந்தக் கோடையில் வின்செஸ்டர் அருகே ஒரு பெரிய வீட்டில் தங்கினார்கள். ஸ்வார்ப்ரிக் நிரந்தரமாகச் சேர, டிரம்ஸுக்கு டேவ் மாட்டக்ஸ் வந்தார். ஹட்சிங்ஸ், லண்டனில் உள்ள செசில் ஷார்ப் மாளிகையின் நாட்டுப்பாடல் நூலகத்தில் ஏடுகளைக் குடைந்து பாட்டுத் தேடினார். 16-ஆம் நூற்றாண்டு நூலிலேயே பெயர் குறிக்கப்பட்ட 'டாம் லின்' கதைப்பாடல் எலெக்ட்ரிக் கிதாரோடும் டிரம்ஸோடும் புறப்பட்டது. 1969 டிசம்பரில் வெளியான அந்த இசைத்தட்டின் பெயர் 'லீஜ் அண்ட் லீஃப்'.

இது சாதாரணத் துணிச்சல் அல்ல. மூன்றாண்டுகளுக்கு முன்தான், 1966-ல், எலெக்ட்ரிக் கிதாரை எடுத்த பாவத்துக்காக பாப் டிலனைப் பார்த்து மான்செஸ்டர் அரங்கில் ஒரு ரசிகர் 'யூதாஸ்' என்று கத்தியிருந்தார். நாட்டுப்பாடலைக் கோயில் பிரசாதம் போல் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

ரசிகர்களை விடுங்கள், குழுவுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. இசைத்தட்டு கடைக்கு வருமுன்பே இரண்டு பேர் விலகினார்கள். இன்னும் ஆழமாக நாட்டுப்பாடலுக்குள் போக வேண்டும் என்று ஹட்சிங்ஸ் போய் ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கினார். சொந்தப் பாட்டு எழுத வேண்டும் என்று டென்னி போய் ஃபாதரிங்கே குழுவைத் தொடங்கினார். ஒரே வீட்டிலிருந்து ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே!

வந்தவர், போனவர்

அதன் பிறகு நடந்ததைப் பட்டியல் போட்டால் பக்கம் போதாது. டேவ் பெக் வந்தார். 1971 தொடக்கத்தில் தாம்சனும் போய்விட்டார். 'அவ்வளவுதான், கதை முடிந்தது' என்றார்கள். ஆனால் டென்னியும் தாம்சனும் இல்லாமல் நான்கே பேர் செய்த 'ஏஞ்சல் டிலைட்', அதே ஆண்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 8-ஆம் இடம் வரை ஏறியது. அவர்களுடைய எந்த இசைத்தட்டும் அதைவிட மேலே ஏறவில்லை. (அண்ணே, இதைக் கொஞ்சம் அடிக்கோடு போட்டுப் படிங்க.)

அந்த ஆண்டுக் கடைசியில் நிக்கோலும் விலகினார். அவர் 1976-ல் திரும்பி வரும் வரை, தொடங்கியவர்களில் ஒருவர்கூட இல்லாமல் குழு அதே பெயரில் ஓடியது. நடுவில் ஃபாதரிங்கேயிலிருந்து சிலர் வந்து சேர, டென்னியும் திரும்பி வர, கேலிக்காரர்கள் 'ஃபாதர்போர்ட் கன்ஃப்யூஷன்' என்று பெயர் வைத்தார்கள். 1975-ல் வந்த 'ரைசிங் ஃபார் த மூன்' முழுக்கச் சொந்தப் பாட்டுகள். டென்னி மறுபடி விலகினார். 1978 ஏப்ரலில் 31-ஆவது வயதில் இறந்தார்.

1970-களின் கடைசியில் பங்க் இசை வந்து எல்லோரையும் ஓரம் கட்டியது. ஒப்பந்தப்படி மிச்சமிருந்த இசைத்தட்டுகளைப் பதிவு செய்யாமல் இருப்பதற்காகக் கம்பெனியே இவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பியது! ஸ்வார்ப்ரிக்கின் காதும் கெட்டுக்கொண்டிருந்தது. 1979 ஆகஸ்ட் 4 அன்று பகலில் நெப்வொர்த்தில் லெட் செப்பலின் நிகழ்ச்சியில் வாசித்துவிட்டு, மாலையில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள கிராப்ரெடி என்ற சிற்றூரின் வயலில் 'இதுதான் கடைசி' என்று விடை பெற்றார்கள்.

விடை பெற்றவர்கள் திரும்பினார்கள்

ஆனால் மறு ஆண்டு ஆகஸ்டில் 'சும்மா ஒருநாள் கூடுவோமே' என்று அதே ஊரில் கூடினார்கள். அதற்கடுத்த ஆண்டும் கூடினார்கள். பழைய ஆட்கள், விலகிப்போனவர்கள், புதியவர்கள் எல்லோரும் மேடையேறினார்கள். குழு இல்லாத காலத்திலும் குழுவின் ரீயூனியன் மட்டும் நடந்தது! ஒரு சின்ன ஊரில் பல்லாயிரம் பேர் கூடாரம் போட்டுத் தங்கும் திருவிழாவாக அது வளர்ந்தது. அந்தக் கூட்டம் தந்த தைரியத்தில்தான் 1985-ல் 'கிளாடிஸ் லீப்' வெளியிட்டு, குழு மறுபடி உயிர் பெற்றது.

உடனே சண்டையும் உயிர் பெற்றது. ஸ்வார்ப்ரிக் இடத்தில் ரிக் சாண்டர்ஸ். ஜாஸ் கலந்த ராக் வாசித்து வந்தவர். 1986-ல் பாட்டே இல்லாமல் முழுக்க வாத்திய இசையாகவே ஓர் இசைத்தட்டு. 'இது ஃபேர்போர்ட்டா?' என்றார்கள். 1990-களின் கடைசியில் கிறிஸ் லெஸ்லி வந்து சத்தம் குறைந்து மென்மை கூடியது. அப்போது, 'பழைய எலெக்ட்ரிக் வேகம் எங்கே?' என்றார்கள். வேடிக்கை பாருங்கள்: 1969-ல் எலெக்ட்ரிக் வந்ததே துரோகம் என்றவர்கள் உண்டு; 30 வருஷம் கழித்து எலெக்ட்ரிக் குறைந்ததே துரோகம் என்றவர்களும் உண்டு. ஒவ்வொருவரும் 'அசல்' என்று சொல்வது, தமக்கு இருபது வயசு இருக்கும்போது காதில் விழுந்ததைத்தான் என்பது என் கணிப்பு.

இந்தச் சண்டைக்காரர்களின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 1999-ல் ஸ்வார்ப்ரிக் நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு பெரிய லண்டன் நாளிதழ் அவர் இறந்துவிட்டதாக அஞ்சலியே வெளியிட்டுவிட்டது. படுக்கையில் அதைப் படித்த மனிதர், 'கவன்ட்ரி ஊரில் நான் சாவது இது முதல் தடவை இல்லையே' என்ற பொருளில் ஜோக் அடித்தார். மேடையில் எடுபடாமல் போவதையும் அங்கே 'சாவது' என்பார்கள். நண்பர்களும் ரசிகர்களும் நிகழ்ச்சி நடத்தி அவருக்கு நிதி திரட்டினார்கள். 2004-ல் இரண்டு நுரையீரல்களும் மாற்றப்பட்டு, மறுபடி ஃபிடில் எடுத்தார். 2016 வரை வாழ்ந்தார்.

2007 கிராப்ரெடியில் ஹட்சிங்ஸ், தாம்சன், நிக்கோல், ஸ்வார்ப்ரிக், மாட்டக்ஸ் ஐவரும் மேடையேறி 'லீஜ் அண்ட் லீஃப்' முழுவதையும் வாசித்தார்கள். டென்னியின் இடத்தில் கிறிஸ் வைல் பாடினார். 38 வருஷத்துக்கு முன் கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள், மறைந்தவளுக்கு ஓர் இடம் விட்டு, ஒரே மேடையில்!

கிராப்ரெடி விழா 'மீட் ஆன் த லெட்ஜ்' என்ற பாட்டோடு முடிவது வழக்கம். தாம்சன் இருபது வயதுகூட ஆகாதபோது எழுதியது. விபத்துக்கு முன்னால் லாம்பிள் டிரம்ஸ் வாசித்துப் பதிவான பாட்டு. அதைப் பாடும்போது அன்றைய குழு, பழைய ஆட்கள், விருந்தினர் எல்லோரும் மேடையில் நிற்பார்கள். வயலில் நிற்பவர்களும் சேர்ந்து பாடுவார்கள். அசல் எது, போலி எது என்று பகல் முழுக்க வாதாடியவர்களும் அதில் இருப்பார்கள்.

அண்ணே, உங்க கேள்விக்கு இதுதான் என் பதில். ஹாஸ்டல் இடிஞ்சது உண்மை. வாத்தியார்கள் இல்லாததும் உண்மை. ஆனால் ஃபேர்போர்ட்டைக் காப்பாற்றியது பழைய சத்தம் அல்ல; வருஷா வருஷம் அந்த வயலுக்கு வந்து நின்றவர்கள்தான். நீங்க வராட்டித்தான் இது நம்ம காலேஜ் இல்லாமப் போகும். என் அறை நண்பன் இந்த முறை வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஸ்வார்ப்ரிக் கட்சியை இன்னும் விடவில்லை. அந்தக் கேசட்டு உங்களிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். டேப் ரெக்கார்டர் நான் கொண்டுவருகிறேன். இப்போது விளக்கை அணைக்கச் சொல்ல வார்டன்கூட இல்லை!